கித்தானும் வீட்டிலேயே!

சித்திரம் பழகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு விசித்திரத்தைக் காணலாம். வர்ணக் குழாய்கள் கடைசிச் சொட்டு வரையில் பிதுக்கப்பட்டுச் சுருண்டு கிடக்கும். தூரிகைகள் பாதி மயிரை இழந்திருக்கும். கணக்கு நோட்டின் ஓரங்களில் கூட யானையும் மயிலும் கோபுரமும் இடம் பிடித்திருக்கும். ஆனால் பிறந்த நாளன்று மாமா வாங்கி வந்த கித்தான் மட்டும், கடையில் சுற்றிக் கொடுத்த கண்ணாடித் தாள் கூடக் கலையாமல், அலமாரியின் மேல் தட்டில் ஆண்டுக்கணக்கில் கொலுவிருக்கும். ஏன் அதில் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்டால், "கெட்டுப் போய்விட்டால் என்ன செய்வது?" என்று பதில் வரும்.

பதிலில் நியாயம் இல்லாமல் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளை வீணாக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லித்தானே நாம் குழந்தைகளை வளர்க்கிறோம்? ஆனால் மற்ற எல்லாக் காரியங்களுக்கும் நல்லதான இந்தக் குணம், சித்திரக் கலைக்கு மட்டும் பரம விரோதியாக இருக்கிறது. பத்துப் படங்கள் பாழாகாமல் பதினோராவது படத்தில் கை தைரியமாக ஓடுவதில்லை. விலையுயர்ந்த கித்தானின் முன்னால் உட்கார்ந்தவன் வர்ணத்தைப் பயந்து பயந்து தொட்டு வைக்கிறான்; தாராளமாகத் தீற்றுவதற்கு அவன் மனம் துணிவதில்லை. படம் முடிந்த பிறகு பார்த்தால் அதில் மரமும் தெரிவதில்லை, மலையும் தெரிவதில்லை. கடைக்காரருடைய பில்தான் தெரிகிறது!

ஆகையால், கித்தானை வீட்டிலேயே செய்து கொள்ளும் முறையை இங்கே சற்று விரிவாக எழுத உத்தேசித்திருக்கிறோம். இதில் பரம ரகசியம் ஒன்றும் இல்லை. துணி, மரச் சட்டம், பசை, வெள்ளைப் பூச்சு ஆகிய நான்கும் சேர்ந்தால் கித்தான். நான்கும் சாதாரணக் கடைகளில் அகப்படுபவை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதும், சிறிது பொறுமையும் இருந்தால் போதும்.

படம் என்றாலே துணி

சித்திரத்தை நாம் 'படம்' என்று சொல்கிறோம் அல்லவா? அந்தச் சொல்லுக்கே துணி என்ற பொருள் உண்டு. சந்தேகமுள்ளவர்கள் அகராதியைப் புரட்டிப் பார்க்கலாம். துணியில் எழுதியது முதலில் படமாயிற்று. பிறகு காகிதத்தில் எழுதியதும் படமாயிற்று. இப்போது திரையில் ஓடுவதும் படந்தான். 'கான்வஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் வம்சாவளி இன்னும் வேடிக்கையானது. அது கஞ்சாச் செடியின் லத்தீன் பெயரிலிருந்து பிறந்தது! அந்த இனத்துச் செடியின் நாரில் நெய்த முரட்டுத் துணியைத்தான் ஐரோப்பாவில் கப்பல் பாய்களுக்கு உபயோகித்தார்கள். வெனிஸ் நகரத்தில் கடற்காற்றின் ஈரத்தினால் சுவர்ச் சித்திரங்கள் நிலைத்து நிற்கவில்லை. பாய்த் துணிக்கோ அந்தத் துறைமுகப் பட்டணத்தில் பஞ்சமே இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் அங்கிருந்த சித்திரக்காரர்கள் சுவரையும் மரப் பலகையையும் விட்டுத் துணியை நாடியதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

நம் தேசத்திலோ சித்திரம் எழுதுபவர்கள் தங்களுக்கு வேண்டிய துணியைத் தாங்களே பக்குவம் செய்து கொள்வது பழைய வழக்கம். ஒடிசாவில் பூரிக்கு அருகில் உள்ள ரகுராஜ்பூர் கிராமத்தில் இன்றும் இதை நேரில் காணலாம். புளியங்கொட்டையை ஊற வைத்து அரைத்துக் காய்ச்சிப் பசை எடுக்கிறார்கள். அந்தப் பசையால் இரண்டு துணிகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, மேலே சுண்ணக் கற்பொடியும் பசையும் கலந்து பூசி, உலர்ந்த பின் முதலில் சொரசொரப்பான கல்லாலும், அப்புறம் வழவழப்பான கல்லாலும் தேய்க்கிறார்கள். துணி, தோலைப் போன்ற மெருகு பெற்று விடுகிறது. காளஹஸ்தியில் கலம்காரி எழுதுபவர்கள் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துகிறார்கள். பாலில் உள்ள கொழுப்பு, மை கண்டபடி பரவாமல் தடுக்கிறது. நமது தஞ்சாவூர்ப் படங்களும் மேலே பொன்னும் மணியுமாக ஜொலித்தாலும், அடியில் இருப்பது பலகையின் மேல் ஒட்டிய துணியும் அதன் மேல் பூசிய சுண்ணப் பூச்சுந்தான்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வழக்கத்திற்கு வங்காளத்து யாமினி ராயைப் போல் நல்ல உதாரணம் கிடையாது. இவர் 1887-ல் பாங்குரா ஜில்லாவில் பிறந்தவர். கல்கத்தா அரசாங்கச் சித்திரப் பள்ளியில் ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்று, எண்ணெய் வர்ணத்தில் பெரிய மனிதர்களுடைய உருவப் படங்களை எழுதி ஜீவனம் செய்து வந்தார். 1920-களில் அந்த வழியைத் துறந்தார். துறந்தது பாணியை மாத்திரம் அன்று. விலை கொடுத்து வாங்கும் கித்தானையும் வர்ணங்களையும் ஒதுக்கி விட்டு, வீட்டில் நூற்று நெய்த துணியிலும், பலகையிலும், கோரைப் பாயிலும் சுண்ணம் பூசி, மண்ணிலிருந்தும் செடிகளிலிருந்தும் எடுத்த வர்ணங்களைக் கொண்டு எழுதினார். நீண்ட கண்களையுடைய அவருடைய பெண்களும் பூனைகளும் பிற்பாடு உலகம் சுற்றி வந்தன. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதிப் பார்க்கும் வசதி அவருக்கு இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். சாதனம் மலிவாக இராவிட்டால் அந்தச் சுதந்திரம் ஏது?

1938-ல் ஹரிபுராவில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, காந்தியடிகளின் விருப்பப்படி நந்தலால் போஸ் அந்தப் பந்தலுக்காக எழுதிய படங்களும் இப்படித்தான். கையால் செய்த காகிதத்தில், கிராமத்து ஜனங்களின் அன்றாடத் தொழில்களை அகலத் தூரிகையால் வேக வேகமாக எழுதினார். கொட்டகையில் மாட்டுவதற்காகச் செய்த அந்தப் படங்கள் இன்று தேசத்தின் பொக்கிஷங்களாக இருக்கின்றன.

எந்தத் துணி?

இனி நமது காரியத்துக்கு வருவோம். ஐரோப்பியச் சித்திரக்காரர்கள் மிகவும் உயர்வாக மதிப்பது ஆளி நாரில் நெய்த லினன் துணியை. அது நம் ஊரில் விலை அதிகம்; அதை மறந்து விடலாம். நமக்கு ஏற்றது பருத்தி. ஜவுளிக் கடையில் 'காடா' என்று கேட்டால், வெளுக்காத, சாயம் போடாத, பழுப்பு நிறமான துணியை எடுத்துப் போடுவார்கள். காடாவிலும் பல தரம் உண்டு. துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். பாவுக்கும் ஊடைக்கும் நடுவில் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் வேண்டாம். அது வடிகட்டுவதற்குத்தான் லாயக்கு. இழைகள் நெருங்கி, கைக்குக் கனமாக இருக்க வேண்டும். இரட்டை நூலில் நெய்த முரட்டுத் துணி கிடைத்தால் இன்னும் உத்தமம். கைத்தறிக் கதர் முடிச்சும் புடைப்புமாக இருந்தாலும் பாதகமில்லை. சில படங்களுக்கு அந்த முரடே ஓர் அழகு. பாலியெஸ்டர் கலந்த துணியைக் கடைக்காரர் எவ்வளவு சிபார்சு செய்தாலும் ஆரம்பக்காரர்கள் வாங்க வேண்டாம். அது நனைத்தால் பருத்தியைப் போல் சுருங்கி இறுகுவதில்லை.

சாக்குத் துணியில் எழுதலாமா என்று சிலர் கேட்பதுண்டு. எழுதியவர்கள் இருக்கிறார்கள். 1888-ல் பிரான்ஸில் ஆர்ல் என்னும் ஊரில் கோகான் என்ற சித்திரக்காரர் 20 மீட்டர் சணல் துணியை ஒரே சுருளாக வாங்கி வந்தார். அவரும் அவருடன் தங்கியிருந்த வான்காக்கும் அதை வெட்டி வெட்டிப் பல படங்களை எழுதினார்கள். ஆனால் சணல் நாளடைவில் கறுத்து, நொறுங்கும் தன்மையை அடைகிறது. மேதைகளின் படங்களைப் பாதுகாக்கப் பொருட்காட்சிச் சாலைகளில் நிபுணர்கள் இருக்கிறார்கள். நமது படங்களுக்கு நாமே காவல்! காடாவோடு திருப்தியடைவோம்.

புதிய காடாவில் நெசவுக்காக இட்ட கஞ்சி இருக்கும். வெந்நீரில் ஒரு முறை அலசி, நிழலில் உலர்த்தி, சிறிது ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டு விட வேண்டும். கஞ்சி போவதோடு, பின்னால் சுருங்க வேண்டியதில் பெரும் பாகம் இப்போதே சுருங்கி விடும்.

அளவுக்கு ஒரு கணக்கு. 12 அங்குலத்துக்கு 16 அங்குலம் என்ற அளவு பழகுவதற்கு வெகு சௌகரியம். மடித்து அடிப்பதற்கு நான்கு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் அதிகம் வேண்டும். ஆகவே துணி 16-க்கு 20. அலசிய பிறகு 36 அங்குல அகலமும் 40 அங்குல நீளமும் தேறும் துண்டிலிருந்து நான்கு படங்களுக்குத் துணி கிடைக்கும். சற்றுக் கூடுதலாகவே வாங்கிக் கொள்வது நல்லது.

சட்டம்

மரவாடியில் முக்கால் அங்குல கனமும் ஒன்றரை அங்குல அகலமும் உள்ள ரீப்பர் கட்டைகள் கிடைக்கும். நாம் சொன்ன அளவுக்குச் சுமார் ஐந்தடி நீளம் போதும். தேக்கு வேண்டியதில்லை, ஆனால் பச்சை மரம் கூடவே கூடாது. நன்றாக உலராத கட்டை, ஒரு கோடையில் வில்லாக வளைந்து, படத்தையும் தன்னோடு வளைத்து விடும். கட்டையைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து, துப்பாக்கி சுடுபவன் குறி பார்ப்பது போல் ஒரு முறை பார்த்தால் வளைவு தெரிந்து விடும். கடைக்காரர் முறைத்தால் முறைத்துக் கொண்டு போகட்டும்.

நான்கு துண்டுகளையும் முனைகளில் சாய்வாக அறுத்து, பசை தடவி, ஆணி அடித்து மூட்ட வேண்டும். அறுப்பதற்குக் கை பழகாதவர்கள் ஒரு தச்சரிடம் கொடுத்து விடலாம். ஒரேயடியாகப் பத்துச் சட்டங்களுக்குச் சொன்னால் கூலி கட்டுப்படியாகும். மூட்டிய சட்டம் சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க மூலைமட்டம் கூடத் தேவையில்லை. 12-க்கு 16 சட்டத்தில் மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் இரு பக்கமும் சரியாக 20 அங்குலம் இருக்க வேண்டும். 18-க்கு 24 என்றால் 30 அங்குலம். தச்சர்கள் மனையில் கயிறு பிடித்துப் பார்க்கும் மூன்று, நான்கு, ஐந்து என்ற அதே கணக்குத்தான் இது. பள்ளிக்கூடத்தில் இதைப் பைதகோரஸின் பெயரால் மனப்பாடம் செய்து விட்டுப் பரீட்சையோடு மறந்து போன பையனுக்கு, இங்கே அது உயிரோடு எழுந்து வருவதைக் காட்டலாம்.

இப்போது, சட்டத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமான ஒரு விஷயம். துணி சட்டத்தின் வெளி விளிம்பில் மட்டும் படிய வேண்டும். உள் விளிம்பில் படக் கூடாது. முகப்புப் பக்கத்தை வெளியிலிருந்து உள்ளே போகப் போகச் சரிவாக இழைத்து விட வேண்டும். இப்படிச் செய்யாவிட்டால், தூரிகையை அழுத்தும்போதெல்லாம் துணி உள் விளிம்பில் உராயும். நாளடைவில் படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் சட்டம் போலவே ஒரு தழும்பு விழும். அப்புறம் அதைப் போக்குவதற்கு வழியே கிடையாது. மலிவாக விற்கும் கித்தான்களில் பல இந்தச் சரிவு இல்லாதவை. இழைப்புளி இல்லாத வீட்டில் வேறொரு யுக்தி உண்டு: முகப்பின் வெளி விளிம்பை ஒட்டி, கால் அங்குல கனமுள்ள மெல்லிய குச்சியைச் சுற்றிலும் ஒட்டி விட்டால், துணி அந்தக் குச்சியின் மேல் நின்று, கட்டையைத் தொடாமல் இருக்கும். துணி படும் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கி விடுங்கள். கூரான விளிம்பு துணியை அறுக்கும்.

மூன்றடிக்கு மேற்பட்ட சட்டத்துக்கு நடுவில் ஒரு குறுக்குக் கட்டை அவசியம். கடையில் வரும் உயர்ந்த சட்டங்களில் மூலைகளை ஒட்டாமல் பொருத்தி, உட்புறம் சிறு மர ஆப்புகள் செருகியிருப்பார்கள். துணி தளரும்போது ஆப்பை இலேசாகத் தட்டினால் சட்டம் விரிந்து துணி விறைக்கும். இரண்டடிக்கு உட்பட்ட படங்களுக்கு இந்த ஆடம்பரம் அவசியமில்லை என்பது நமது அபிப்பிராயம்.

இழுத்து அடித்தல்

துணியை மேஜை மேல் விரித்து, அதன் மேல் சட்டத்தை முகம் குப்புற வையுங்கள். துணியின் இழைகள் சட்டத்தின் கட்டைக்கு நேராக ஓட வேண்டும். கோணலாக ஓடினால் ஒரு மூலையில் சுருக்கம் விழுந்து, எத்தனை இழுத்தாலும் போகாது.

முதல் ஆணி, நீண்ட பக்கம் ஒன்றின் நடுவில். இரண்டாவது, துணியை இழுத்துப் பிடித்து அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தின் நடுவில். மூன்றாவதும் நான்காவதும் மற்ற இரு பக்கங்களின் நடுவில். அப்புறம் ஒவ்வொரு நடு ஆணிக்கும் இரு புறத்திலும் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக, எதிரெதிராக, மூலைகளை நோக்கி நகர வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் அடித்து முடித்து விட்டு மறு பக்கத்துக்குப் போகிறவர்கள் கடைசியில் துணியோடு மல்யுத்தம் செய்ய வேண்டியிருக்கும். மூலைக்கு வந்ததும், படுக்கை விரிப்பை மெத்தைக்கு அடியில் மடித்துச் செருகுவது போல் மடித்து, ஓர் ஆணியில் முடித்து விடலாம். இந்த வேலையில் வீட்டுப் பெண்மணிகளுக்கு உள்ள கைத்திறன் ஆண்களுக்கு வருவதில்லை. உதவி கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பருத்தித் துணியை நரம்பு தெறிக்க இழுக்க வேண்டியதில்லை. தொய்வு இல்லாமல், சுருக்கம் இல்லாமல் நின்றால் போதும். பசை நீர் பட்டவுடன் அது தானே சுருங்கி விறைத்து, விரலால் சுண்டினால் கஞ்சிராவைப் போல் ஒலிக்கும். முதலிலேயே அளவுக்கு மீறி இழுத்தால், சுருங்கும் வேகத்தில் மெல்லிய சட்டம் முறுக்கிக் கொள்ளும்.

ஆணி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இரும்பு ஆணி துருப்பிடித்துத் துணியை அரித்து விடும். கடற்கரை ஊர்களில் கேட்கவே வேண்டாம். செம்பு ஆணியோ, துத்தநாகம் பூசிய ஆணியோ வாங்குங்கள். சோபா தைப்பவர்கள் உபயோகிக்கும் கைத் துப்பாக்கியால் துருப்பிடிக்காத கம்பி ஊசிகளை அடித்தால் வேலை கால் பங்கு நேரத்தில் முடியும்.

பசை எதற்கு?

அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் தவறி விடுகிறார்கள். துணியை இழுத்து அடித்தாயிற்று. வர்ணத்தைத் தீற்ற வேண்டியதுதானே என்று தோன்றும். எண்ணெய் வர்ணமாயிருந்தால் தீற்றவே கூடாது. எண்ணெய் வர்ணத்தில் சேருவது ஆளிவிதை எண்ணெய். அது தண்ணீரைப் போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை இழுத்துக் கொண்டு இறுகுகிறது. வெறும் துணியில் எண்ணெய் ஊறினால், இந்த ரசாயன மாறுதலின்போது உண்டாகும் அமிலப் பொருள்கள் இழையையும் சேர்த்து உளுத்துப் போகச் செய்கின்றன. படம் எழுதிய அன்று அழகாயிருக்கும். பத்து வருஷத்திலும் அழகாயிருக்கலாம். ஆனால் பேரப் பிள்ளைகள் தாத்தாவின் உருவப் படத்தைத் துடைக்க எடுக்கும்போது, துணி பழைய அப்பளம் போல் விரலில் நொறுங்கும். இழைக்கும் எண்ணெய்க்கும் நடுவில் ஒரு திரை வேண்டும். அந்தத் திரைதான் பசை.

ஐரோப்பாவில் நெடுங்காலமாக முயல் தோலைக் காய்ச்சிய பசையை உபயோகித்தார்கள். நம் ஊர்த் தச்சர்களின் பழைய வஜ்ஜிரமும் மாட்டுத் தோல், எலும்புகளிலிருந்து வந்ததுதான். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 70 கிராம் பசையை இரவெல்லாம் ஊற வைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூட்டில் கரைக்க வேண்டும். கொதித்தால் பசையின் பிடிப்பு போய் விடும். சைவக் குடும்பங்களின் அடுக்களையில் இதை ஏற்றினால் என்ன நேரும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. அதிர்ஷ்டவசமாக, மடி ஆசாரத்தோடு விஞ்ஞானமும் இந்த விஷயத்தில் சேர்ந்து கொண்டிருக்கிறது. தோல் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும், வறட்சியில் சுருங்கும். பழைய படங்களில் காணும் வெடிப்புகளுக்கு இந்த ஓயாத இழுபறி ஒரு பெருங்காரணம் என்று படங்களைச் செப்பனிடும் நிபுணர்கள் கண்டிருக்கிறார்கள். அன்றியும், நமது ஐப்பசி மழையில் அதன் மேல் பூஞ்சணம் பூத்து விடும்.

ஆகவே, தச்சர்கள் இன்று உபயோகிக்கும் வெள்ளைப் பசையே நமக்குச் சரி. கம்பெனி எதுவானாலும் நம் ஜனங்கள் எல்லாவற்றையும் 'ஃபெவிக்கால்' என்றே அழைக்கிறார்கள். ஒரு பங்கு பசைக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி, அகலத் தூரிகையால் துணி முழுவதும், விளிம்புகள் உள்பட, தேய்த்துத் தடவி உலர விடுங்கள். பிறகு இன்னொரு முறை. நூறு வருஷம் நிலைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதும் படமாயிருந்தால், தச்சுப் பசைக்குப் பதிலாகச் சித்திரக் கடைகளில் விற்கும் அக்ரிலிக் பசையை வாங்குவது நலம். தச்சுப் பசை காலப்போக்கில் பழுத்துச் சற்று அமிலத் தன்மை அடையக் கூடும். பழகும் பிள்ளைகளுக்கு இந்த விசாரமெல்லாம் வேண்டாம்.

வெள்ளைப் பூச்சு

பசை உலர்ந்த துணியின் மேல் வெள்ளை அடித்தளம் ஏற்ற வேண்டும். வர்ணம் பற்றிக் கொள்வதற்குச் சிறிது சொரசொரப்பும், வர்ணத்தின் ஒளியைத் திருப்பி அனுப்புவதற்கு வெண்மையும் இதிலிருந்துதான் கிடைக்கின்றன. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் அடிப்பூச்சு 1950-களில் அமெரிக்காவில் முதன் முதலாகக் கடைக்கு வந்தது. இன்று நம் நகரங்களிலும் டப்பா டப்பாவாக விற்கிறது. அதையே வாங்கலாம். வீட்டில் கலப்பதானால் இதோ பக்குவம்:

வெள்ளைப் பசை ஒரு பங்கு. வெள்ளை அக்ரிலிக் வர்ணம் ஒரு பங்கு. தண்ணீர் ஒரு பங்கு. சாக் பவுடர் இரண்டு பங்கு. கண்ணாடி பதிக்கும் மக்கு பிசைவதற்காகப் பெயின்ட் கடைகளில் விற்கும் அந்தச் சாக் பவுடரைத்தான் சொல்கிறோம். முதலில் பொடியைத் தண்ணீரில் குழைத்து, கட்டி தட்டாமல் துணியில் வடிகட்டி, அப்புறம் பசையையும் வர்ணத்தையும் சேர்க்க வேண்டும். தோசை மாவை விடத் தளர்வாக, மோரை விடக் கெட்டியாக இருந்தால் பதம். நுரை வரும்படி அடிக்கக் கூடாது. நுரைக் குமிழிகள் துணியில் ஊசித் துவாரங்களாக நின்று விடும்.

பள்ளிக்கூடத்துச் சாக்கட்டியைப் பொடி செய்தால் என்ன என்று நினைக்க வேண்டாம். அவை பெரும்பாலும் ஜிப்ஸத்தினால் ஆனவை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சேர்ப்பவர்களும் உண்டு. அது கலக்கும் பாத்திரத்திலேயே கல்லாக இறுகி, பாத்திரத்துக்குரிய அம்மாளிடமிருந்து வேறு பிரச்னைகளைக் கிளப்பும்! பொடியை அள்ளிப் போட்டால் பூச்சு கெட்டியாகி வேலை சீக்கிரம் முடியும் என்பதும் பிரமை. பொடி அதிகமானால் பூச்சு விறைத்து, துணி அசையும்போது வெடிக்கும். பலகைக்கு விறைப்பான பூச்சு பொருந்தும். துணிக்கு வளைந்து கொடுக்கும் பூச்சுத்தான் வேண்டும்.

மெல்லியதாக மூன்று முறை பூசுங்கள். முதல் பூச்சு இடமிருந்து வலமாக. இரண்டாவது மேலிருந்து கீழாக. மூன்றாவது மறுபடி இடமிருந்து வலமாக. ஒவ்வொன்றும் நன்றாக உலர்ந்த பின்னரே அடுத்தது. நடு நடுவே மெல்லிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்கலாம். தேய்க்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக் கொள்வது அவசியம். உருவப் படம் எழுதுபவர்கள் வழவழப்பாகத் தேய்ப்பார்கள். கடலும் பாறையும் எழுதுபவர்களுக்குத் துணியின் முரடு தெரிவதே பிடிக்கும். அது அவரவர் சித்தம்.

சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயின்டைப் பூசினால் போதாதா என்ற கேள்வி எழும். சுவர் அசையாது, துணி அசையும் என்பதுதான் வித்தியாசம். வீட்டுக்கு வெள்ளையடித்து மீந்த டப்பாவைக் குழந்தைகளின் பழக்கக் கித்தான்களுக்குத் தாராளமாகச் செலவிடலாம்; வைத்துக் காப்பாற்ற வேண்டிய படத்துக்கு வேண்டாம். துத்தநாக வெள்ளையை எண்ணெயில் குழைத்து அடித்தளமாகப் பூசும் பழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. அது வருஷங்கள் செல்லச் செல்லக் கண்ணாடி போல் நொறுங்கி மேல் வர்ணத்தையும் உதிர்த்து விடுகிறது என்பது பின்னால் தெரிய வந்தது.

அக்ரிலிக் வர்ணத்தில் எழுதுவதானால் பூச்சு உலர்ந்த மறுநாளே எழுதலாம். எண்ணெய் வர்ணத்துக்கு மூன்று நாள் பொறுக்க வேண்டும்.

சட்டமும் வேண்டாம் என்பவர்களுக்கு

சட்டம் செய்யவும் வகையில்லாதவர்கள் தஞ்சாவூர்க்காரர்களைப் பின்பற்றலாம். ஒரு துண்டு ஒட்டுப் பலகையிலோ, அழுத்தமான அட்டையிலோ வெள்ளைப் பசையைச் சீராகத் தடவி, பழைய வேட்டித் துணியை அதன் மேல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளி நீவி விட வேண்டும். ஓரங்களைப் பின்னால் மடித்து ஒட்டி, மேற்சொன்ன பூச்சை இரண்டு முறை பூசினால் அருமையான எழுதுபலகை தயார். அட்டை ஒரு பக்கமாக வளையாமல் இருக்கப் பின்புறத்திலும் ஒரு முறை பூசுவது நல்லது. துணிக் கித்தானில் தூரிகைக்குக் கிடைக்கும் துள்ளல் இதில் இராது. ஆனால் செலவு என்று பார்த்தால் பசைக்கும் பொடிக்கும் ஆனதுதான்.

மழைக் காலம்

நம் ஊரில் கித்தானின் பெரிய சத்துரு ஈரம். மழைக் காலத்தில் துணி சில நாள் தளரும், சில நாள் விறைக்கும். தளர்ந்து போன கித்தானின் முதுகில் தண்ணீரைத் தெளித்தால் விறைத்து விடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். விறைக்கும், வாஸ்தவந்தான். உலர்ந்ததும் பழையபடி தளர்வதோடு, அடிப்பூச்சும் வெடிக்கத் தொடங்கும். ஆணிகளை ஒரு பக்கம் பிடுங்கி மறுபடி இழுத்து அடிப்பதே நேர் வழி.

ஈரச் சுவரில் படத்தை ஒட்ட மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டி விட்டால், சுவருக்கும் துணிக்கும் நடுவில் காற்று ஓடும், பூஞ்சணம் பிடிக்காது, பல்லியும் அங்கே குடித்தனம் நடத்தத் தயங்கும். எழுதாத கித்தான்களை அடுக்கி வைக்கும்போது முகத்தோடு முகமும் முதுகோடு முதுகும் சேரும்படி நிறுத்தி வையுங்கள். ஒன்றின் மூலை இன்னொன்றின் துணியில் அழுந்தினால் விழும் பள்ளம் லேசில் மறையாது.

கடைசியாக, ஒவ்வொரு கித்தானின் சட்டத்திலும் பின்புறம் பென்ஸிலால் சில விவரங்களை எழுதி வையுங்கள்: செய்த தேதி, துணி எந்தக் கடையில் எந்த ரகம், பசையில் எத்தனை பங்கு தண்ணீர், பூச்சில் எத்தனை பங்கு பொடி, எத்தனை முறை பூசியது. மையால் துணியில் எழுதினால் முன்பக்கம் ஊறி விடும். மரத்தில்தான் எழுத வேண்டும். பத்தாவது கித்தானைச் செய்ய உட்காரும்போது முதல் ஒன்பதையும் திருப்பிப் பார்த்தால், எந்தக் கலவை வெடித்தது, எது நின்றது என்பது அங்கேயே எழுதியிருக்கும்.